நோட்டைப் பார்க்காமல் வெட்டிய ஜாக்கெட்

“…இந்தக் கைக்குள்ள என் மூணு விரலுதான் மதினி போவும். மிச்சக் கைய நான் எங்க கொண்டு வைக்க?” என்று கேட்டாள் முப்பிடாதி.

அவள் ராயகிரியிலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆளும் பெரிய ஆள், குரல் அதைவிடப் பெரிது. தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்க வந்திருந்தாள். பண்டிகைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. மாம்பழ மஞ்சள் நிறத் துணி. அதை விரித்துத் தன் மேல் வைத்துப் பார்த்தாள். பிள்ளையின் சட்டையைத் தாய் எடுத்து வைத்துப் பார்ப்பதுபோல இருந்தது.

“யாருக்கு வெட்டுனிய இத?”

யாருக்கு என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் மகள் கோமதியின் அளவு. கோமதி இறந்து இரண்டு வருடம் முடிந்திருந்தது.

வீட்டில் ஓர் ஆளை இழந்தபின், பண்டிகை வருகிறதே என்று பயந்துகொண்டு நாட்களை எண்ணுகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. ஜாக்கெட் தைப்பது என் தொழில். எனக்குத் தெரிந்த படிப்பு, பொட்டலம் கட்டி வருகிற பேப்பரில் வாசித்தது பாதி, அளவு கொடுக்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போனது பாதி. அளவெடுக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண்கள், கூடவே மனதில் கிடப்பதையும் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். முப்பது வருடமாக நான் கேட்டது அதுதான்.

கோமதிக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் வருடம். தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது காய்ச்சல் கண்டது. நல்ல மழைக்காலம். இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்றார்கள். பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள்) கொஞ்சம் குறைந்திருந்தது. நிறைய நீராகாரம் கொடுங்கள், தினமும் கூட்டிவந்து பரிசோதியுங்கள், வயிற்றுவலி வந்தால் உடனே வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். சொல்லத்தான் செய்தார். நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. இரண்டு இட்லி சாப்பிட்டாள். என் மெஷினுக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு, “குடும்மா, நான் கொக்கி வைக்கேன்” என்று ஊசியை வாங்கிக்கொண்டாள். தீபாவளி சீசனில் நான் தைத்துப் போடப் போட அவள் கொக்கி வைப்பாள், கைத்தையல் போடுவாள். ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான்.

பதினொரு மணி இருக்கும். “ஏம்மா, வயிறு ஒரு மாதிரி பிடிச்சு வலிக்கி” என்றாள்.

“ஏட்டி மக்கா, இட்லிக்கு முன்ன வெறும் வயித்துல மாத்திர போட்டது. இன்னும் ரெண்டு ஜாக்கெட்டுதான். முடிச்சுக் குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கிப் போயிருவோம்.”

“சரிம்மா” என்றாள்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் இரண்டு வருடமாக நான் வாழ்கிறேன். அவள் சண்டை போட்டிருந்தால், அடம்பிடித்து அழுதிருந்தால் நான் எழுந்திருப்பேன். எழுந்திருப்பேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்றரை மணிக்கு வாந்தி எடுத்தாள். கையைப் பிடித்தால் சில்லென்று இருந்தது. ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கும் போனோம். டெங்கு அதிர்ச்சி நிலை (காய்ச்சல் இறங்கும் நேரத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் சரிந்துபோவது) என்றார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது.

காய்ச்சல் விட்டுவிட்டால் பிள்ளை பிழைத்தது என்றுதான் நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். டெங்குவில் அது அப்படி இல்லை. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அதை மறந்துவிடாதீர்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முன்பே தீபாவளி வந்துவிட்டது. என் மெஷின்மேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடியிருந்தார்கள். தைத்தும் தைக்காமலும் கிடந்த ஜாக்கெட்டுகளைத் துணி கொடுத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து சத்தமில்லாமல் எடுத்துப் போனார்கள். ஒருத்தி கடைசி இரண்டு கொக்கி இல்லாமலே கொண்டுபோனாள். அதற்கு மேல் கொக்கி வைக்கக் கோமதிக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தப் பெண் இன்றுவரை அதைப் பற்றிக் கேட்டதில்லை. பின்குத்திக் கட்டிக்கொண்டிருப்பாள்.

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் வருடம் கழிகிற வரை பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம். அக்கம்பக்கத்தவர்கள் தூக்குவாளியில் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். பொங்கலுக்கும் அப்படித்தான் நடந்தது. அந்த ஒரு வருடம் எனக்கு ஒருவிதத்தில் லேசாகவே இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அழுதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சிரிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. துக்கத்துக்கு ஊர் ஒரு வருடம் இடம் கொடுத்திருந்தது.

வருடம் முடிகிற சமயத்தில்தான் வியாதி தொடங்கியது. வருடத் திவசம் தீபாவளிக்கு ஒன்பது நாள் முந்தி வந்தது. “இனிம என்ன, எண்ணெய்ச் சட்டி வச்சிர வேண்டியதுதான்” என்றார்கள் சொந்தக்காரர்கள். நல்லதுக்குத்தான் சொன்னார்கள். அதற்கும் முன்னே, புரட்டாசியிலேயே, பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தார். புதுத்துணியின் கஞ்சி வாடை மூக்கில் ஏறியது. கத்தரியை எடுத்தேன். வலது கைப் பெருவிரல் மரத்துப்போயிருந்தது. கத்தரி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பதினொரு மணி ஆனால் நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல இருக்கும், மூச்சு முட்டும், உள்ளங்கை வேர்க்கும். ஜவுளிக்கடை விளம்பர வண்டி தெருவில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனால் எழுந்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஒரு வெடிச்சத்தம் கேட்டால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. இதிலே பெயர் வேறு. அம்மன் பெயர் என்பதால் எங்கள் சங்கரன்கோவிலில் தெருவுக்கு நாலு கோமதி. பள்ளிக்கூடம் விட்டதும், “ஏட்டி கோமதி, நில்லுட்டி” என்று யாராவது யாரையாவது கூப்பிடாத சாயங்காலம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்ப்பேன்.

என் கணவர் விசைத்தறி ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இ.சி.ஜி. (இருதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். எக்கோ (ஒலி அலையால் இருதயம் சுருங்கி விரிவதைப் பார்ப்பது) எடுத்தார்கள். கைக்கு நரம்புச் சோதனையும் செய்தார்கள்.

“இருதயம் நல்லாருக்கும்மா. நரம்பும் நல்லாருக்கு” என்றார் டாக்டர்.

“நல்லாருக்குத இருதயமா சார் இப்படி வலிக்கும்?” என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, “வீட்டுல ஏதும் நடந்துச்சா?” என்று கேட்டார். என் கணவர் பேசினார். ஒரு வருடத்தில் அவர் அவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த டாக்டர்தான் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். போவதற்கு எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. “பைத்தியம்னு சொல்லிருவாவளோன்னு பயமாருக்குங்க” என்றேன் கணவரிடம். “ஏளா, செவப்பு நூலு தீந்தா செவப்பு நூலுதான் வாங்குவ? கருப்பு நூல வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பியா? எது வேணுமோ அதுக்குண்டான எடத்துக்குப் போவணும்லா” என்றார். தறிக்காரருக்கு நூலை விட்டால் வேறு உவமை கிடைக்காது. ஆனால் எனக்கு அது புரிந்தது.

மனநல மருத்துவர் சின்ன வயதுப் பெண். எனக்கு வந்திருப்பதற்கு அவர் வைத்த பெயர் ஆண்டு நினைவு எதிர்வினை (இழப்பு நடந்த நாட்கள் திரும்பி வரும்போது, மனமும் உடம்பும் அதை மறுபடி அனுபவிப்பது). “உங்களுக்குத் தேதி மறந்தாலும் உங்க உடம்புக்கு மறக்காதும்மா. வெயில், வாடை, சத்தம், இதையெல்லாம் வச்சு அது கண்டுபிடிச்சுக்கும்” என்றார். தூக்கத்துக்கும் படபடப்புக்கும் குறைந்த அளவில் மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை வரச் சொன்னார்.

போனால் ஒரே வேலைதான். அந்த ஐந்தாம் நாளை முதலிலிருந்து சொல்ல வேண்டும். முதல் வாரம் இட்லி வரைக்கும் சொன்னேன். அடுத்த வாரம் கொக்கி வரைக்கும். “சரிம்மா” என்று அவள் சொன்ன இடத்தைத் தாண்டுவதற்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. தாண்டிய அன்று வெளியே வந்து வராந்தா பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பனவடலிசத்திரத்திலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தாள். ஆடு மேய்க்கிறவள். மகனுக்காக வந்திருந்தாள். நான் எதுவும் சொல்லாமலே என் முழங்காலில் தட்டி, “ஆடு செத்த எடத்துல மத்த ஆடு கொஞ்ச நாளைக்கி வாய் வைக்காதுக்கா. பெறவு மேயும். மறந்து மேயல, பசிச்சு மேயுது” என்றாள். மாத்திரைச் சீட்டுக்குப் பின்னால் அதை எழுதி வைத்துக்கொண்டேன்.

குற்ற உணர்ச்சி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. “உங்களுக்கு அந்த நேரம் தெரிஞ்சத வச்சுத்தானேம்மா முடிவெடுத்தீங்க” என்று டாக்டர் பல தடவை சொல்லியிருக்கிறார். அறிவுக்கு அது எட்டுகிறது. ஒருநாள் கணவரிடம், “நான் அப்பமே எந்திரிச்சிருந்தா பிள்ள இருந்திருப்பா, என்னங்க?” என்று கேட்டுவிட்டேன். “நானுந்தானளா அன்னைக்கித் தறிக்குப் போனேன்” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, இந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும் அந்தப் பகலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கவில்லை என்று.

இந்த வருடம் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்ததுமே டாக்டர் கேட்டார்: “தீபாவளிக்குத் தைக்கப் போறீங்களா, இல்லையா?”

எனக்கு அது வெறும் தொழில் பற்றிய கேள்வி இல்லை. அவளோடு நான் கடைசியாக உட்கார்ந்திருந்த இடம் அந்த மெஷின்தான். அதைத் தொட முடியாமலே போய்விட்டால் அவளிடம் போகிற வழியும் மூடிவிடும். தொட்டாலோ கை மரக்கிறது. தைக்கிறேன் என்றுதான் சொன்னேன்.

“பத்து ஜாக்கெட். பதினோராவது வந்தா முடியாதுன்னு சொல்லணும். என்கிட்டயே சொல்லிப் பழகுங்க” என்றார். உடனே சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாடிக்கைக்காரியாகவே மாறிவிட்டார். “அக்கா, அக்கா, ஒரே ஒரு ஜாக்கெட்க்கா, நாத்தனார் கல்யாணத்துக்கு!”

“சரி, வச்சிட்டுப் போங்க” என்றேன்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த அறையில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. நாலாவது முயற்சியில்தான் “முடியாதும்மா” என்ற சொல் வந்தது. பண்டிகைக்குப் பயப்படுகிறவர்கள் இந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். பண்டிகை வந்தபின் பழக நேரம் இருக்காது.

வீட்டிலும் சில ஏற்பாடு செய்தோம். மெஷினை அந்த இடத்திலிருந்து நகர்த்தி ஜன்னல் பக்கம் போட்டார் என் கணவர். பதினொரு மணி ஆனால் நான் எழுந்து கடைவீதி வரைக்கும் நடந்துவிட்டு வரவேண்டும் என்று முடிவு. சொந்தக்காரர்களுக்கு அவரே போன் செய்து, “இந்த வருசமும் எங்க வீட்டுல பலகாரம் கெடையாது. கோவிச்சுக்கிடாதிய” என்று சொன்னார். சிலர் கோபித்துக்கொண்டார்கள். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

முதல் ஜாக்கெட்டுக்கு நாலு நாள் ஆனது. விரல் மரக்கும், நிறுத்துவேன், மூச்சை மெதுவாக இழுத்து விடுவேன், மறுபடி தொடங்குவேன். ஒவ்வொரு அளவையும் நோட்டில் இரண்டு தடவை பார்த்துத்தான் வெட்டினேன். இப்படியே ஒன்பது முடிந்தது.

பத்தாவது முப்பிடாதியுடையது. அன்றைக்கு என்னவோ காலையிலிருந்தே மனம் லேசாக இருந்தது. துணியை விரித்தேன். சாக்பீஸ் தானாக ஓடியது. கத்தரி வழுக்கிக்கொண்டு போனது. விரல் மரக்கவில்லை. நெஞ்சு அழுத்தவில்லை. பதினொரு மணி ஆனது, பன்னிரண்டு ஆனது, எனக்குத் தெரியவே இல்லை. கழுத்துப் பட்டி, கை, கொக்கி எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிட்டன. சாயங்காலம் கணவர் வந்ததும் கையை நீட்டிக் காட்டி, “இன்னைக்கிக் கை நல்லா வந்திச்சிங்க, பழையபடி வந்திச்சி” என்றேன். அவர் என் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனார். திரும்பி வர நேரமானது.

மறுநாள் முப்பிடாதி வந்து அந்த ஜாக்கெட்டை விரித்துப் பிடித்தபோது எல்லாம் விளங்கியது. ஊரில் இருக்கும் அத்தனை பெண்களின் அளவும் என் நோட்டில் இருக்கிறது. நோட்டைப் பார்க்காமல் என் கைக்குத் தெரிந்த அளவு ஒன்றே ஒன்று. மார்பு முப்பது, தோள் பன்னிரண்டரை, உயரம் பதிமூன்று. நான் நோட்டைத் திறக்கவே இல்லை. இரண்டு வருடத்தில் கை மரக்காமல் நான் தைத்த ஒரே ஜாக்கெட், உடுத்த ஆளில்லாத ஜாக்கெட்.

இதை டாக்டரிடம் பிறகு சொன்னேன். வியாதி கூடிவிட்டதா என்று கேட்டேன். “இல்லம்மா. உங்க கை அவளத் தேடிப் போயிட்டு வந்திருக்கு. அவ்வளவுதான்” என்றார். முப்பிடாதிக்கு வேறு துணி எடுத்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டே தைத்துக் கொடுத்தேன். பண்டிகைக்கு முதல் நாள் கொடுத்தேன். விரல் மரத்தது. மரக்க மரக்கத் தைத்தேன். இனி இந்தக் கை இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. முன்பெல்லாம் எனக்கு ஒரு வருடம் என்றால் தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. இன்னும் நாற்பது நாள், இன்னும் இருபது நாள் என்று. இப்போது அந்த எண்ணிக்கை ஒன்பதில், அவள் போன நாளில், வந்து நின்றுவிடுகிறது. அங்கே கொஞ்ச நேரம் நான் நிற்கவேண்டியிருக்கிறது. நின்றுவிட்டுத்தான் மேலே போகமுடிகிறது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தக் காலை வேளையில் முப்பிடாதி யாருக்கு வெட்டியது என்று கேட்டுவிட்டு நின்றாள். ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் இன்னும் இரண்டு வார்த்தை கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தெருவில் எத்தனை டெய்லரிடம் சண்டை போட்டவள்! அவள் ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோளில் விரலை வைத்து அளந்தாள். சட்டென்று கை நின்றது. அவளும் கோமதியைத் தாவணியில் பார்த்தவள்தானே.

“ஏ மதினி” என்றாள். அவளிடமிருந்து அப்படிச் சின்னக் குரல் வந்து நான் கேட்டதில்லை.

துணியை நாலாக மடித்தாள். என் மடியில் வைத்தாள். என் இரண்டு கையையும் எடுத்து அதன்மேல் வைத்தாள். நான் குனிந்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. டாக்டர் அறையில் வந்த அழுகை போல இல்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோன அன்று வந்த அழுகை.

அவள் வெளியே போய்த் திரையை இழுத்துவிடுவது கேட்டது. யாரோ இரண்டு பேர் படியேறி வந்தார்கள். வெளியூர்க்காரர்கள் போலிருக்கிறது.

“டெய்லரக்கா இல்லியா? சிவகிரிலேருந்து வாரோம். ஜாக்கெட்டு ஒண்ணு குடுக்கணும்.”

“இந்த வருசம் பத்துதான். முடிஞ்சிட்டு” என்றாள் முப்பிடாதி. குரல் பழையபடி பெரிதாகியிருந்தது.

“ஒரு எட்டு பாத்துச் சொல்லிட்டுப் போறோமே. உள்ளதான இருக்காவ, சத்தம் கேக்குல்லா?”

“இருக்காவ. மக வந்திருக்கா. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்காவ. இப்பம் யாரும் உள்ள போவக் கூடாது.”

சொல்லிவிட்டு, யாரும் தாண்டிவிடாதபடி வாசற்படிக்குக் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.